ஜின் ஜோங்-ஓ: ஏதென்ஸில் 6.9, ரியோவில் 6.6. ஒன்றில் வெள்ளி, ஒன்றில் தங்கம். ஏன்?

இளமாறன்

தென் கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் ஜின் ஜோங்-ஓ பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "மனஉறுதி" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அவருடைய ஆட்டத்தை அக்கு அக்காகப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் விவரம். 1979 செப்டம்பர் 24 அன்று தென் கொரியாவின் சுன்சோன் நகரில் பிறந்தவர். 50 மீட்டர் பிஸ்டலில் 2004 ஏதென்ஸ் வெள்ளி, 2008 பெய்ஜிங் தங்கம், 2012 லண்டன் தங்கம், 2016 ரியோ தங்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 2008 வெள்ளி, 2012 தங்கம். மொத்தம் ஆறு பதக்கம், அதில் நான்கு தங்கம். ஒரே தனிநபர் பிரிவில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் துப்பாக்கி சுடுநர் இவர். ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமனுக்கும் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் மூன்று தங்கம் உண்டு. ஆனால் அவை 1992, 1996, 2004. நடுவில் 2000 விட்டுப்போனது.

என் கேள்வி இது. ஏதென்ஸ் ஃபைனலில் ஏழாவது ஷாட்டில் 6.9 விழுந்தது (ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9), தங்கம் கை நழுவியது. ரியோ ஃபைனலில் ஒன்பதாவது ஷாட்டில் 6.6, அதைவிட மோசம். அங்கே தங்கம். பன்னிரண்டு ஆண்டில் என்ன மாறியது? ஆளா, விதியா, இரண்டுமா?

கபிலன்

விதியிலிருந்து தொடங்குங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன் மூன்றிலும் தகுதிச் சுற்றின் 60 ஷாட் புள்ளியோடு ஃபைனலின் 10 ஷாட்டைக் கூட்டுவார்கள். ஏழாவதில் 6.9 விழுந்தால் கையில் மிச்சம் மூன்றே ஷாட். தங்கம் வென்ற ரஷ்யாவின் நெஸ்த்ரூயெவ் 663.3, ஜின் 661.5. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஒரு ஷாட் 8.8 ஆக இருந்திருந்தால் 663.4, தங்கம் ஜின்னுக்கு. 8.8 என்பது அவர் தரத்துக்குச் சுமாரான ஷாட். அதுகூட வரவில்லை என்பதுதான் வலி.

2013-ல் விதி மாறியது. ரியோவில் இருந்தது அந்த விதிதான். ஃபைனலில் எட்டுப் பேரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதலில் மூன்று மூன்றாக ஆறு ஷாட். பிறகு ஒவ்வொன்றாக, ஷாட்டுக்கு 50 விநாடி. எட்டாவது ஷாட்டுக்குப் பிறகு ஒருவர் வெளியே. அதன் பின் இரண்டு ஷாட்டுக்கு ஒருவர். கடைசி இருவர் 20 ஷாட் முடித்தார்கள். ரியோவில் 6.6 விழுந்தபோது இன்னும் 11 ஷாட் இருந்தது. இழந்ததை மீட்க இடம் உண்டு. ஆனால் அடுத்த ஷாட் முடிந்ததும் ஏழாம் இடத்தை அனுப்பிவிடுவார்கள். அந்தப் பத்தாவது ஷாட் சரியில்லை என்றால் மிச்சப் பத்து ஷாட்டுக்கு அர்த்தமே இல்லை.

எனக்கு ரியோவின் உச்சம் கடைசி ஷாட் இல்லை, அந்தப் பத்தாவது ஷாட்தான்.

தேன்மொழி

6.6 என்றால் உண்மையில் எவ்வளவு விலகல் என்று தெரிந்தால்தான் இந்தப் பேச்சு முழுமையாகும்.

50 மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் நடுவில் இருக்கும் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மி.மீ. அதற்குள் இன்னர் டென் 25 மி.மீ. பிறகு ஒவ்வொரு வளையமும் ஆரத்தில் 25 மி.மீ. கூடுகிறது. கருவட்டம் 7 முதல் 10 வரை, விட்டம் 200 மி.மீ. தோட்டாவின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பு என்பதால் தோட்டாவின் பாதி அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் 6.6 என்பது மையத்திலிருந்து ஏறத்தாழ 11 செ.மீ. தள்ளி. ஏதென்ஸின் 6.9 சுமார் 10.4 செ.மீ. தள்ளி. இரண்டுமே கருவட்டத்துக்கு வெளியே, வெள்ளையில்.

பயங்கரமான பிழை போலத் தெரியும். கையில் அது எவ்வளவு என்று பாருங்கள். குறி பார்க்க பிஸ்டலின் முனையில் இருக்கும் முன்சைட்டுக்கும் பின்னால் இருக்கும் பின்சைட்டுக்கும் இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் 11 செ.மீ. விலக, பின்சைட் பள்ளத்தில் முன்சைட் 0.77 மி.மீ. நகர்ந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பத்தாம் வளையத்தை விட்டு வெளியேற 0.2 மி.மீ. போதும்.

இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சைட் இரண்டும் நேராக இருந்து, கை மொத்தமாக 1 செ.மீ. இடப்பக்கம் போனால் டார்கெட்டிலும் 1 செ.மீ. மட்டுமே இடப்பக்கம் போகும், அது இன்னும் பத்துதான். அதாவது கை ஆடுவது ஆளைக் கொல்லாது. மணிக்கட்டு மடங்குவதுதான் கொல்லும். பிஸ்டலில் கண் டார்கெட்டைப் பார்க்காமல் முன்சைட்டைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் சரியாகத்தான் இருக்கிறது.

நிலவன்

தேன்மொழி அக்கா, ஒரு சந்தேகம். இதே பிழையை ஏர் பிஸ்டலில் செய்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?

தேன்மொழி

நல்ல கேள்வி நிலவன். 10 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளைய விட்டம் 11.5 மி.மீ., வளைய இடைவெளி ஆரத்தில் 8 மி.மீ. 50 மீட்டரில் 11 செ.மீ. போகும் கோணப் பிழை 10 மீட்டரில் 2.2 செ.மீ. போகும். அது 8.2.

அதே கை, அதே மணிக்கட்டு, அதே பிழை. ஒன்றில் 8.2, இன்னொன்றில் 6.6. ஏர் பிஸ்டலில் ஒரு கெட்ட ஷாட் இரண்டு புள்ளியைத் தின்னும் என்றால் 50 மீட்டரில் மூன்றரைப் புள்ளியைத் தின்னும். அதனால்தான் 50 மீட்டரில் உலகத் தரத்து ஆட்களிடமும் ஏழும் ஆறும் வரும். இதை ஏற்றுக்கொள்ளாமல் இந்தப் பிரிவைச் சுடவே முடியாது.

செந்தூரன்

துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவுக்கு ஃப்ரீ பிஸ்டல் என்று பழைய பெயர். .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டா வகை, ஒரு தடவைக்கு ஒன்று. ஏர் பிஸ்டலுக்கு டிரிகர் எடை குறைந்தது 500 கிராம், மொத்த எடை 1500 கிராமுக்குள் என்று கட்டுப்பாடு உண்டு. ஃப்ரீ பிஸ்டலில் டிரிகர் எடைக்குக் கீழ் வரம்பே கிடையாது. கிரிப் (கைப்பிடி) கையை முழுக்கச் சுற்றி வரலாம். ஒரே நிபந்தனை, அது மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. லென்ஸ் வைத்த சைட்டுக்கும் அனுமதி இல்லை.

ஜின் சுட்டது சுவிட்சர்லாந்தின் மொரினி. ரியோவில் அவர் கையில் இருந்த சிவப்பு பிஸ்டலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மொரினியின் ஃப்ரீ பிஸ்டலில் எலக்ட்ரானிக் டிரிகர். விரல் இயந்திர நெம்புகோலை இழுப்பதில்லை, ஒரு மின்தொடர்பை மூடுகிறது.

இதில் தகராறு வரும் இடங்கள் சில:

பேட்டரி. பாதியில் வலுவிழந்தால் டிரிகர் அழுத்தியும் வெடிக்காது. போட்டி நாளில் புது பேட்டரி, பையில் இன்னொன்று. இது கட்டாயம்.

டிரிகரை மிகவும் லேசாக வைப்பது. சில கிராம் என்று வைத்துவிட்டு, குளிரில் விரல் மரத்துப்போனால் தொட்டதே தெரியாமல் வெடிக்கும். கை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போன ஷாட் ஆறோ ஏழோ ஆகும், சில சமயம் அட்டைக்கே வராது. விரல் தெளிவாக உணரும் எடைக்கு ஏற்றிக்கொள்வது நல்லது.

கிரிப் வியர்வை. சுற்றிவரும் கிரிப் கையை இறுகப் பிடித்திருப்பதால், கை வீங்கினால் பிடியே மாறிவிடும். 60 ஷாட்டில் நாற்பதுக்கு மேல் தோட்டாக்கள் விழும் இடம் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் சைட்டைத் திருகும் முன் கையைத்தான் வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும்.

காற்று. 50 மீட்டர் ரேஞ்ச் திறந்தவெளி. விநாடிக்கு 4, 5 மீட்டர் குறுக்குக் காற்று .22 தோட்டாவை ஏறத்தாழ 2.5 செ.மீ. தள்ளும். பத்தின் நடுவில் போக வேண்டியது பத்தின் ஓரத்துக்குப் போகும். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை காற்று நீட்டிய கையைத் தள்ளுவது. கொடியைப் பார்த்துக் காத்திருப்பவருக்கு நேரம் கரையும், அவசரப்படுபவருக்குப் புள்ளி கரையும்.

அருள்மதி

எல்லோரும் ஒலிம்பிக்கையே சுற்றி வருகிறீர்கள். என் பார்வையில் ஜின்னின் ஆகப்பெரிய சாதனை 2014 கிரனாடா உலக சாம்பியன்ஷிப். 60 ஷாட்டில் 583.

அதற்கு முன் இருந்த உலக சாதனை 581. சோவியத் வீரர் அலெக்சாந்தர் மெலெந்தியெவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் டோஸ்-35 பிஸ்டலில் சுட்டது. 34 ஆண்டு யாரும் தொடவில்லை. எலக்ட்ரானிக் டிரிகர், நல்ல தோட்டா, நல்ல பயிற்சி முறை எல்லாம் வந்த பிறகும் தொடவில்லை. 583 என்றால் 60 ஷாட்டில் மொத்தமே 17 புள்ளி இழப்பு. தேன்மொழி மேலே சொன்ன 0.2 மி.மீ.யை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அதே போட்டியில் 50 மீட்டர் வெள்ளி நம் ஜீது ராய்க்கு.

ஏர் பிஸ்டலிலும் 2009-ல் சாங்வொன் உலகக் கோப்பையில் 594 சுட்டார். இரண்டு பிரிவுக்கும் தகுதிச் சுற்று உலக சாதனை ஒரே ஆளிடம்.

இளமாறன்

அருள்மதி, ரியோ ஃபைனல் 193.7-ஐ 20 ஆல் வகுத்தால் சராசரி 9.685. கிரனாடா 583-ஐ 60 ஆல் வகுத்தால் 9.717. கிட்டத்தட்ட ஒன்றுதானே?

அருள்மதி

அப்படி ஒப்பிடக் கூடாது. தகுதிச் சுற்றில் முழு எண் மட்டுமே. 10.8 சுட்டாலும் 10.0 சுட்டாலும் 10 தான். ஃபைனலில் தசமப் புள்ளி. முழு எண் கணக்கில் ஒவ்வொரு ஷாட்டிலும் தசமம் வெட்டுப்படுகிறது, சராசரியாக அரைப் புள்ளிக்கு அருகே. 583-ஐத் தசமத்தில் எண்ணியிருந்தால் சராசரி பத்தைத் தாண்டியிருக்கும். ரியோவின் 193.7-லும் அந்த 6.6-ஐ எடுத்துவிட்டு மற்ற 19 ஷாட்டைப் பாருங்கள், 187.1. சராசரி 9.85. ஃபைனல் அழுத்தத்தில் அதுவே பெரிது, ஆனால் கிரனாடா வேறு உயரம்.

கபிலன்

583 பெரிதுதான். ஆனால் எனக்கு லண்டன் ஃபைனல் அதற்கு மேல். தகுதிச் சுற்றில் சக கொரிய வீரர் சோய் யங்-ரே 569, முதலிடம். ஜின் 562, ஐந்தாம் இடம். ஏழு புள்ளி பின்தங்கல், கையில் பத்தே ஷாட். ஜின் அந்தப் பத்தில் 100.0 சுட்டார். சோய் 92.5. முடிவில் 662.0 எதிர் 661.5. அரைப் புள்ளியில் தங்கம்.

50 மீட்டரில் பத்து ஷாட்டுக்கு 100.0 என்றால் சராசரி சரியாகப் பத்து. பின்னால் வருபவனுக்கு இழக்க ஒன்றுமில்லை என்பார்கள். முந்தைய ஒலிம்பிக்கின் தங்கத்தோடு வந்தவருக்கு இழக்க நிறைய இருந்தது. எட்டு நாள் முன்புதான் ஏர் பிஸ்டலில் 688.2 சுட்டு இன்னொரு தங்கமும் எடுத்திருந்தார்.

செந்தூரன்

பெய்ஜிங்கையும் விடக் கூடாது. அங்கே ஜின் 660.4. இரண்டாவதாக வந்த வட கொரியாவின் கிம் ஜோங்-சு 660.2. வித்தியாசம் 0.2. ஜின்னின் கடைசி ஷாட் 8.2 தான், நூலிழையில் தப்பியது. பிறகு கிம்மின் பரிசோதனையில் புரோபிரனலால் கண்டுபிடிக்கப்பட்டு, அவர் வாங்கிய 50 மீட்டர் வெள்ளி, ஏர் பிஸ்டல் வெண்கலம் இரண்டும் பறிக்கப்பட்டன. 50 மீட்டர் வெள்ளி சீனாவின் டான் சோங்லியாங்குக்குப் போனது.

புரோபிரனலால் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும், கைநடுக்கத்தை அடக்கும். ஓட்டப்பந்தயக்காரருக்கு இது கெடுதல், பிஸ்டல்காரருக்குப் பெரிய லாபம். அதனால் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமில்லை, மற்ற நாளிலும் தடை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஷூட்டர்கள் மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நடுங்கும் கையோடு, துடிக்கும் நெஞ்சோடு 0.2-ல் வென்ற தங்கம் அது. அதன் மதிப்பே தனி.

நிலவன்

சரி, கெட்ட ஷாட் விழுந்துவிட்டது. ஃபைனலில் அடுத்ததுக்கு 50 விநாடிதான். அந்த நேரத்தில் என்ன செய்வது? மூச்சை இழுத்துவிட்டு மறந்துவிடு என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை.

தேன்மொழி

மறக்கச் சொல்வது பயனில்லாத அறிவுரை. செய்ய வேண்டியதை வரிசையாக வைத்துக்கொண்டால் மனது தானாக அங்கே போய்விடும்.

வெடித்த உடன் கையை இறக்காதீர்கள். ஒரு விநாடி முன்சைட்டைப் பார்த்தபடியே நில்லுங்கள். வெடித்த நொடியில் முன்சைட் எங்கே இருந்தது என்று மானிட்டரைப் பார்க்கும் முன்பே மனதுக்குள் சொல்லுங்கள்: "ஏழு, கீழே இடது" என்பது போல. பிறகு மானிட்டரைப் பாருங்கள்.

நீங்கள் சொன்னதும் மானிட்டர் காட்டுவதும் ஒத்துப்போனால் தவறு உங்கள் கையில். சைட் திருகைத் தொடவே கூடாது. ஒரே ஒரு கெட்ட ஷாட்டுக்காக மூன்று கிளிக் திருகிவிட்டு, அடுத்த நல்ல ஷாட்டையும் வெளியே அனுப்புவதுதான் ஃபைனல்களில் அதிகம் நடக்கும் விபத்து. ஒத்துப்போகவில்லை என்றால்தான் கருவி பக்கம் பார்வை: சைட் தளர்ந்ததா, கிரிப்பில் கை நகர்ந்ததா, காற்று திரும்பியதா.

அடுத்து பிஸ்டலை மேசையில் வையுங்கள். கிரிப்பிலிருந்து கையை முழுக்க எடுத்து, விரல்களை விரித்து மீண்டும் பிடியுங்கள். கெட்ட ஷாட்டுக்குப் பிறகு பிடி தானாகவே இறுகிவிடும். இறுகிய பிடியோடு சுட்டால் விரல் மட்டும் தனியாக நகராது, மணிக்கட்டும் சேர்ந்து இழுக்கும். முதல் ஆறைத் தொடர்ந்து இரண்டாவது ஆறு வருவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

"ஸ்டார்ட்" சொன்னதும் அவசரப்படாமல் 10 விநாடிக்குள் கையை உயர்த்தி மேலிருந்து இறக்கி நிறுத்துங்கள். நின்ற பிறகு 6 முதல் 8 விநாடிக்குள் வெடிக்க வேண்டும். 10 விநாடி தாண்டினால் கண்ணுக்கு முன்சைட் கூர்மையாகத் தெரிவது போல இருக்கும், உண்மையில் கண் பழைய பிம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கையை இறக்கிவிடுங்கள். 25 விநாடிக்குள் இறக்கினால் இன்னொரு முறை நிதானமாக ஏற்ற நேரம் இருக்கிறது. 40 விநாடி வரை தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்தது கட்டாய ஷாட், அதாவது இன்னொரு ஏழு.

ரியோவில் அந்த 6.6 தன்னை விழிக்க வைத்தது என்ற பொருளில் ஜின் பின்னர் பேசினார். மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான்கு நாள் முன்பு ஏர் பிஸ்டலில் ஐந்தாம் இடம், அங்கே தங்கம் வியட்நாமின் ஹோவாங் சுவான் வின்னுக்கு. 50 மீட்டரில் கடைசியில் ஜின்னோடு மோதியதும் அதே ஹோவாங். 193.7 எதிர் 191.3.

அருள்மதி

இத்தனைக்குப் பிறகு 50 மீட்டர் பிஸ்டலையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதை இன்றும் ஏற்க முடியவில்லை. 2017-ல் முடிவானது. ஆண் பெண் சமநிலைக்காக 50 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடும்) ரைஃபிள், டபுள் டிராப் (பறக்கும் இரு களிமண் தட்டுகளைச் சுடுவது) மூன்றையும் நீக்கி, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு அணிப் போட்டிகளைக் கொண்டுவந்தார்கள். சமநிலை தேவை, அதில் மாற்றுக் கருத்தில்லை. பெண்களுக்கும் 50 மீட்டர் பிஸ்டலைத் திறந்துவிட்டிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

கபிலன்

ஜின்னுக்கு அதன் விளைவு நேரடியானது. டோக்கியோவுக்கு ஏர் பிஸ்டல் மட்டுமே வழி. தகுதிச் சுற்றில் 576, பதினைந்தாம் இடம். கலப்பு அணியில் சூ கா-யுனோடு இறங்கி, அதிலும் முதல் எட்டுக்குள் வரவில்லை. அப்போது வயது 41.

வயதானதால் தோற்றார் என்று எழுதியவர்கள் உண்டு. 2018 சாங்வொன் உலக சாம்பியன்ஷிப்பில் இதே ஏர் பிஸ்டலில் ரஷ்யாவின் செர்னோஊசொவை ஷூட்-ஆஃபில் (புள்ளி சமமானால் சுடும் கூடுதல் ஷாட்) தாண்டித் தங்கம் எடுத்தவர் அவர். அப்போது 38 முடிந்து 39-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். வயதை மட்டும் சொன்னால் விளக்கம் ஆகாது. ஏர் பிஸ்டலில் மேல்மட்டம் நெருக்கமாகிவிட்டது, 60 ஷாட்டில் நான்கைந்து பத்துகள் ஒன்பதானால் பதினைந்தாம் இடம். 50 மீட்டரில் எல்லோரும் தவறுவார்கள், மீள்பவர் ஜெயிப்பார். ஏர் பிஸ்டலில் தவறாதவர் ஜெயிப்பார். ஜின்னின் தனித்திறன் முதல் வகை ஆட்டத்துக்கே முழுமையாகப் பொருந்தியது.

அதன் பிறகு கங்வொன் 2024 இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கின் இணைத்தலைவர், 2024 ஏப்ரல் தேர்தலில் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர்.

இளமாறன்

கபிலன் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 594 சுட்டவரைத் தவறாமல் சுடத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. இரண்டும் தெரிந்தவர்தான், மீளும் கலை தேவைப்பட்ட களம்தான் போய்விட்டது.

என் முதல் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை: விதி அவருக்கு 11 ஷாட் கொடுத்தது, ஆனால் 6.6-க்கு அடுத்த ஷாட்டை விதி சுட்டுத் தரவில்லை. நிலவன், தேன்மொழி சொன்ன வரிசையைப் பயிற்சியில் செய்து பார்க்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சுடும்போதே பத்து ஷாட்டுக்கு ஒருமுறை பிஸ்டலை வைத்து, பிடியை முழுக்க விட்டு, 50 விநாடி கடிகாரத்தோடு அடுத்த ஷாட்டைச் சுடுங்கள். கெட்ட ஷாட் வந்த அன்றைக்கு முதல்முறையாகச் செய்தால் அந்த வரிசையே புதுப் பதற்றமாகிவிடும்.

நிலவன்

தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகும் டிரை ஃபயரிலும் இதைச் செய்யலாமா?

செந்தூரன்

செய்யலாம். எலக்ட்ரானிக் டிரிகர் பிஸ்டலில் அதற்குத் தனி நிலை இருக்கிறது, டார்கெட் இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துச் செய்யுங்கள். "கிளிக்" ஆன நொடியில் முன்சைட் அசைந்ததா என்பது மட்டும்தான் பார்க்க வேண்டியது. தோட்டா இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சேம்பரை (தோட்டா வைக்கும் அறை) திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே.